வீட்டுத் திரையும் ஊருணி நீரும்

ஒரு மொழி அரசாணையால் மட்டும் வாழ்வதில்லை. அரசாணை இன்மையால் மட்டும் மாய்வதும் இல்லை. அடுக்களையிலும் திண்ணையிலும் வழங்கும்வரை அது வாழும். அவ்விரண்டிடத்தும் வழக்கொழிந்த பின்னர், மேடைதோறும் எத்துணை முழங்கினும் மாயும். இதனை அறியாத தமிழர் இலர். ஆனால், அந்தத் திண்ணை இன்று எங்கே இடம்பெயர்ந்துள்ளது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. அது கூடத்துச் சுவருக்கு வந்துவிட்டது. மாலைப் பொழுதில் வீட்டார் அனைவரும் கூடுமிடம் தொலைக்காட்சித் திரையின் முன்னரே ஆகும். அத்திரை எந்த மொழியில் எழுதிக் காட்டுகிறதோ, அதுவே அவ்வீட்டின் எழுத்துமொழியாக நாளடைவில் நிலைபெறும்.

பேராவூரணி வட்டத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். தென்னந்தோப்பிலிருந்து திரும்பிய அப்பா. பள்ளியிலிருந்து வந்த மகள். சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ பணியாற்றும் அண்ணன் வாங்கித் தந்த பெரிய திரை. அதன் முன்னே அப்பாயி. அப்பாயிக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். நாளிதழை எழுத்துக்கூட்டாமல் படிப்பவர். உறவினர் அனுப்பும் திருமண அழைப்பிதழைப் பிறர்க்குப் படித்துக் காட்டுபவர். ஆனால், தொலைவியக்கியை அழுத்தியவுடன் திரையில் தோன்றுவன எல்லாம் ஆங்கிலச் சொற்கள். அவர் தொலைவியக்கியைப் பெயர்த்தியிடம் நீட்டிவிடுகிறார். எழுத்தறிந்த ஒருவர், தம் வீட்டுக் கூடத்திலேயே, தம் பெயர்த்தியின் கண் முன்னேயே எழுத்தறியாதவர் ஆக்கப்படுகிறார்! அதைக் காணும் அச்சிறுமி கற்றுக்கொள்வது யாது? பொறிக்குத் தமிழ் தெரியாது. தமிழ் மட்டும் தெரிந்தவர்க்குப் பொறி தெரியாது என்பதே. எந்தப் பள்ளிப் பாடமும் இத்துணை ஆழமாக அவள் நெஞ்சில் பதியாது.

இந்நிலையை மாற்றுவதற்கு இன்று பெரும்பொருள் வேண்டுவதில்லை. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதன்பின் பல நூறாயிரம் கணினிகள் வீடுகளை அடைந்தன. படிப்பு முடிந்து, விசைகள் தேய்ந்து, பேழையிலும் பரண்மேலும் உறங்கும் அக்கணினிகள் இன்று எத்தனை! திரைக்குப் படம் கடத்தும் வடம் ஒன்றைச் செருகினால், அவற்றுள் இயங்கும் நிலையில் உள்ள ஒன்றே வீட்டுத் திரையரங்கக் கணினியாகும். அது இல்லாதவர்க்கு, 2012-இல் இங்கிலாந்தில் வெளிவந்த இராசுபெரி பை போன்ற, உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினிகள் உள்ளன. ஆகவே, கருவி ஒரு தடையன்று. அக்கருவியில் எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்பதே வினா.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆளும் அடிப்படை மென்பொருள். கோப்பைத் திறப்பதும், படத்தை விரிப்பதும், திரையில் எழுத்தை வரைவதும் அதன் இசைவின்றி நடவா. ஒரு வீட்டுக்கு மனை எப்படியோ, கணினிக்கு இயங்குதளம் அப்படி. பிறன் மனையில் கட்டிய வீட்டில் எத்தனை அழகாகக் கோலமிட்டாலும், வெளியேறு என்று அவன் சொல்லும் நாளில் வெளியேறவே வேண்டும்.

இது வெறும் உவமை அன்று. மைக்ரோசாப்டு நிறுவனம் 2002-இல் தன் விண்டோசு எக்சுபி இயங்குதளத்தில், வீட்டுத் திரைக்கென்றே மீடியா சென்டர் என்னும் பகுதியை உருவாக்கி வெளியிட்டது. உலகெங்கும் மக்கள் அதனை நம்பித் தம் வீட்டுக் கணினிகளை அமைத்தனர். 2015-இல் விண்டோசு 10 வந்தபோது அந்நிறுவனம் அப்பகுதியை அடியோடு நீக்கிவிட்டது. நம்பியவர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. மூலநிரல் நிறுவனத்தின் பூட்டுக்குள் கிடந்தது. அவ்விண்டோசு 10-க்கும் இயல்பான காப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அடுத்து வந்த விண்டோசு 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை ஏற்பதில்லை. நல்ல நிலையில் ஓடும் பொறி, உரிமையாளன் பழுதென்று சொல்லாதபோதே, நிறுவனத்தால் பழம்பொருள் ஆக்கப்படுகிறது.

விண்டோசில் தமிழ் இல்லையா என்று கேட்பர். உண்டு, மறைக்க வேண்டுவதில்லை. அதன் முகப்பைத் தமிழாக்கும் மொழித்தொகுதியை அந்நிறுவனமே தருகிறது. ஆண்டிராய்டிலும் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து தமிழ் முகப்பு உண்டு. இவற்றை உருவாக்க உழைத்த தமிழரின் உழைப்பு போற்றத்தக்கதே. ஆயினும் அத்தமிழ், கொடுப்பவன் கொடுக்கும்வரை வரும் தமிழ். அதில் ஒரு சொல் பிழையாக இருந்தால் தமிழறிஞர் பதின்மர் கூடினும் திருத்த இயலாது, முறையிடலாம், காத்திருக்கலாம்.

காத்திருத்தல் என்றால் என்ன என்பதைப் பேராவூரணிக்கு எவரும் கற்பிக்க வேண்டா. கல்லணைக் கால்வாயின் கடைமடை அது. மேட்டூரில் நீர் திறந்தார்கள் என்ற செய்தி வந்த பின்னும், தலைமடை நனைந்து, இடைமடை நனைந்து, எஞ்சியது வந்து சேரும்வரை வானத்தையும் வாய்க்காலையும் மாறிமாறிப் பார்த்திருக்கும் மண் அது. மென்பொருள் உலகில் தமிழ் இன்று கடைமடை மொழி. ஆங்கிலத்துக்கு முதலில், ஐரோப்பிய மொழிகளுக்கு அடுத்து, சீனத்துக்கும் சப்பானியத்துக்கும் அதன்பின், வணிகக் கணக்கு இடங்கொடுத்தால் தமிழுக்கு.

மக்கள்தொகை இருந்தால் வணிகன் தானே வருவான் என்று நம்புவோர் ஐசுலாந்தைப் பார்க்கட்டும். அந்நாட்டார் தம் மொழியைப் பிறமொழிக் கலப்பினின்று காப்பதில் உலகுக்கே எடுத்துக்காட்டானவர். கணினிக்கு அவர்கள் வழங்கும் சொல் தோல்வா. எண் என்னும் பொருள்தரும் சொல்லையும், குறிசொல்லும் மகளைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் இணைத்து 1960-களில் ஆக்கியது. அத்தகையோர் விண்டோசைத் தம் மொழியில் வேண்டியபோது, சந்தை சிறிது என்று 1998-இல் மறுமொழி வந்தது. அரசே முன்வந்து பேசிய பின்னரே, 1999-இல் உடன்பாடு கண்டது. அன்று அந்நாட்டு மக்கள் மூன்று நூறாயிரத்துக்கும் குறைவு. அவர்கள் கேட்டார்கள், விடாது கேட்டார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் 6.9 கோடிப் பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர். இத்துணைப் பேர் இருந்தும், கேட்கும் பழக்கமே தமிழ் வீடுகளில் இல்லை. கடையில் பெட்டி வாங்கும்போது, இதில் தமிழ் வருமா என்று வினவுவோர் எத்தனை பேர்?

ஆண்டிராய்டுப் பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். விலை குறைவு, எளிது என்று இன்று பல வீடுகளில் புகுந்திருப்பவை அவையே. அவற்றின் அடியில் கிடப்பது எவரும் எடுத்தாளத்தக்க இலினக்சுக் கருவே. ஆனால் அடித்தளம் பொது, மேல்மாடிக்குப் பூட்டு. முழுப்பயன் பெறக் கூகுள் கணக்கு வேண்டும். முகப்பில் வீட்டார் தேடாத படங்களும் விளம்பரங்களும் வந்து நிற்கும். அப்பா சேர்த்துவைத்த தெருக்கூத்துப் பதிவும், நீலகண்டப் பிள்ளையார் கோயில் சித்திரைத் திருவிழாப் பதிவும் கோப்புகளுக்குள் எங்கோ கிடக்க, எவனோ விற்கும் படம் நடுக்கூடத்தில் அமர்ந்திருக்கும். வீட்டுத் திரையில் வீட்டாரே விருந்தினர்!

இனி, மூன்றாவது வழி. 1983-இல் அமெரிக்கரான இரிச்சர்டு இசுடால்மன், மென்பொருள் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரியதாக இருத்தல் வேண்டும் என்று குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவரான இலினசு டோர்வால்சு இலினக்சுக் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்ததே கட்டற்ற இயங்குதளம். அதன்மேல் இயங்குவதே, வீட்டுத் திரைக்கென அமைந்த கோடி என்னும் ஊடக மென்பொருள். 2002-இல் ஒரு விளையாட்டுப் பொறிக்காகத் தொடங்கி, 2014-இல் இப்பெயர் பெற்றது. படம், பாட்டு, ஒளிப்படம் அனைத்தையும் தொலைவியக்கியால் ஆளத்தக்கது. கோடியை மட்டும் ஓட்டுவதற்கென, வேண்டாத சுமை எதுவுமின்றிச் செய்யப்பட்ட சிறு இயங்குதளம் லிபரெலெக், 2016-இல் தோன்றியது. சிறு கணினியிலும் ஓடும். மிகப் பழையதல்லாத மடிக்கணினியிலும் ஓடும். விலை இல்லை; கணக்குத் திறக்க வேண்டுவதில்லை; விளம்பரம் இல்லை. கோடியில் தமிழ் மொழித்தொகுதி உண்டு. படங்களின் பெயரையும் விளக்கத்தையும் வீட்டாரே தமிழில் எழுதி வைக்கவும் இடமுண்டு.

எழுதவும் படிக்கவும் கூடப் பயன்படும் முழுக்கணினியாக வேண்டுவோர் தேபியன் போன்ற இயங்குதளத்தை ஏற்றி, அதன்மேல் கோடியை வைத்துக்கொள்ளலாம். சென்னையிலுள்ள சி-டாக் அரசு நிறுவனம் அத்தேபியனின் அடிப்படையிலேயே 2007-இல் பாசு என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. தமிழ்நாட்டரசு முதலில் வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசோடு பாசும் இருந்தது. பலர் அதனைத் திறந்தும் பார்க்கவில்லை. கைக்கு வந்த உரிமையைப் பயன்படுத்தாமல் துறந்த கதை அது.

பேராவூரணியார்க்கு இன்னொன்றும் நினைவில் இருக்கும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கசாப் புயல் அடித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன; பல ஊர்களில் கிழமைக் கணக்கில் மின்சாரம் இல்லை; தொலைபேசியும் இணையமும் அறுந்தன. இணையத்தில் உள்ள கணக்கைக் கேட்டே திறக்கும் பெட்டிகள் அத்தகைய நாளில் வெறும் பெட்டிகளே. தன்னிடமுள்ளதைத் தானே திறந்து காட்டும் இயங்குதளமும், சில வாட்டு மின்னில் ஓடும் சிறு கணினியும் மின் மீண்டவுடன் இணையத்துக்குக் காத்திராமல் இயங்கும். வீட்டின் செல்வம் வீட்டில் இருத்தல் வேண்டும் என்பது உழவர்க்குப் புதிய பாடம் அன்று. விதைநெல்லை அடகு வைக்காதவர் அவர்.

இவ்வழியில் குறையே இல்லையா? உண்டு. கட்டணம் பெற்றுப் படங்காட்டும் இணைய நிறுவனங்கள் பல, தம் படங்களைப் பூட்டிட்டு அனுப்புகின்றன. அப்பூட்டின் உயர்நிலைத் திறவுகோலைக் கட்டற்ற தளங்களுக்கு அவை தருவதில்லை. ஆதலால் படம் தெளிவு குன்றி வரும், அல்லது வாராமலே போகும். அவற்றையே நாளும் காண்போர் அதற்கென ஒரு தனிக்கருவியை வைத்துக்கொள்ளட்டும். வீட்டின் முதன்மைத் திரையை அதன் கையில் ஒப்படைக்க வேண்டுவதில்லை. முதன்முறை ஏற்றுவதற்கு ஒரு மாலைப்பொழுது உழைப்பும், அறிந்தவர் ஒருவரின் துணையும் வேண்டும். ஏற்றுவதற்கு முன் பழைய கணினியிலுள்ள கோப்புகளைப் படியெடுத்து வைத்தலும் வேண்டும். இவை மெய்யான தொல்லைகளே. ஆனால், ஒருமுறைத் தொல்லைகள்.

தேர்வு செய்வோர்க்கு எளியதோர் ஆய்வு உண்டு. கொள்ளிடம், தென்னை, சேதுபாவாசத்திரம் என்னும் மூன்று பெயர்களை மூன்று கோப்புகளுக்கு இட்டுத் திரையில் பார்த்தல் வேண்டும். ஒருங்குறி முறையில் தெ என்பது தகரத்தின் குறியாகவும், அதன்பின் கொம்பின் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. கொம்பை எடுத்து இடப்புறம் நிறுத்துவது திரையில் எழுத்தை வரையும் மென்பொருளின் கடமை. கொ என்பதற்கோ இருபுறமும் குறி வரைதல் வேண்டும். இக்கடமையை அறியாத மென்பொருளில் கொம்பு பின்னே தொங்கும். எழுத்துருவே இல்லாததில் வெறுங்கட்டங்கள் தோன்றும். அங்ஙனம் தோன்றினால் அமைவுகளில் எழுத்துருவை மாற்றிப் பார்த்தல் வேண்டும். அதன்பின்னும் சிதைந்தால் அத்தளத்தை ஒதுக்குதல் வேண்டும். தொலைவியக்கி எத்துணை மென்மையாக இயங்குகிறது, படம் எத்துணை ஒளிர்கிறது என்றெல்லாம் ஆய்வோர், எழுத்து ஒழுங்காக நிற்கிறதா என்பதை ஏன் முதலில் ஆய்தல் கூடாது?

இனிக் கசப்பான உண்மை ஒன்று. கட்டற்ற மென்பொருள்களின் தமிழாக்கம் பலவற்றில் அரைகுறையாகவே கிடக்கிறது. தமிழில் தொடங்கிய பட்டியல் பாதியில் ஆங்கிலமாகும். சில இடங்களில் ஆங்கிலச் சொல்லே தமிழெழுத்தில் நிற்கும். சில இடங்களில் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பொருள் கெடும். படங்களின் தொகுப்பைக் குறிக்க ஆங்கிலேயர் நூலகச் சொல்லை வழங்குகிறார்கள் என்று, தமிழிலும் நூலகம் என்று எழுதினால் அப்பாயி நூலைத் தேடுவார். படத்தொகுப்பு என்றால் உடனே விளங்கும். திரையின் புறத்தோற்றத்தைத் தோல் என்று பெயர்த்தால் மாட்டுத்தோல்தான் நினைவுக்கு வரும். தொடக்கப் பக்கத்தை வீடு என்பதினும் முகப்பு என்பதே தமிழ் வழக்கு.

இக்குறைக்குப் பொறுப்பு யார்? அயல்நாட்டு நிறுவனமா? தில்லியா? இல்லை. கோடியின் தமிழாக்கப் பக்கம் இணையத்தில் எவர்க்கும் திறந்தே உள்ளது. பூட்டு இல்லை, காவல் இல்லை, கட்டணம் இல்லை. உள்ளே சென்று ஒரு சொல்லை இட்டால் உலகெங்குமுள்ள தமிழ் வீடுகளின் திரையில் அச்சொல் தோன்றும். அங்கே சொல்லின்றிக் கிடக்கும் ஒவ்வொரு வரியும் தமிழர் செய்யாமல் விட்ட பணியே. கடைப்பலகையில் ஒரு வடவெழுத்தைக் கண்டால் கொதிப்போர், தம் வீட்டுத் திரையில் நாள்தோறும் நிற்கும் நூறு ஆங்கிலச் சொற்களைக் கண்டும் காணாமல் இருப்பது என்ன முறை?

உழைத்தவர் இலர் என்று சொல்வதும் தவறு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற முத்தையா, தட்டச்சுப் பொறிக்குத் தமிழ் விசைப்பலகை வகுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகை உருவாயிற்று. 2012 முதல் கணியம் என்னும் இதழ், கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பித்து வருகிறது. இவர்களுள் எவரும் அரசாணைக்குக் காத்திருந்தவர் அல்லர். தஞ்சையில் 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கமும் 1916-இல் எழுந்த தனித்தமிழ் இயக்கமும் அவ்வாறே பணியாற்றின. விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை திருமண அழைப்பிதழ் ஆனதும், அக்கிராசனர் தலைவர் ஆனதும், நமசுகாரம் வணக்கம் ஆனதும் வீடுவீடாக, அச்சகம் அச்சகமாக, ஒவ்வொரு சொல்லாக நடந்த பணியின் விளைவே. இன்று அழைப்பிதழின் இடத்தைத் திரை பிடித்திருக்கிறது. அப்பணி மட்டும் நின்றுவிட்டது.

மீண்டும் தொடங்குவது எப்படி என்பதற்கும் பேராவூரணியே விடை. புயலுக்குப் பின், 2019-இல், அங்குள்ள பெரியகுளத்தை ஊர் இளைஞர் ஒன்றுகூடித் தூர்வாரினர். வெளிநாட்டில் மென்பொருட்பணி பார்த்தவரும் அதில் முன்னின்றார். கடைமடைக்கு நீர் வரவில்லை என்று புலம்புவது ஒருபுறம் இருக்க, வரும் நீரைத் தேக்கும் குளம் தூர்ந்து கிடப்பது தம் பொறுப்பே என்று அவர்கள் உணர்ந்தனர். மண்வெட்டி எடுத்தோர் சிலராகத் தொடங்கிப் பலர் ஆயினர்.

அவ்வூரின் பெயரிலேயே ஊரணி உண்டு. ஊருணி என்பது ஊரார் உண்ணும் நீர்நிலை. எவர்க்கும் உரியது, எவரும் பூட்ட முடியாதது, எல்லாரும் சேர்ந்து தூர்வாரினால் மட்டுமே நிலைப்பது. பேரறிவாளன் செல்வத்துக்கு வள்ளுவர் அதனையே உவமையாக்கினார். கட்டற்ற இயங்குதளம் அத்தகைய ஊருணி. பூட்டிய தளமோ புட்டியில் அடைத்து விற்கும் நீர். தூயதாகவும் இருக்கலாம், குளிர்ந்தும் இருக்கலாம், ஆனால் விற்பவன் நிறுத்தினால் தொண்டை வறளும். ஊருணி இன்று சற்றே கலங்கிக் கிடக்கிறது என்பதற்காகப் புட்டியை நாடுவது அறிவுடைமை அன்று, தூர்வாருவதே அறிவுடைமை.

ஆகவே, வீட்டுத் திரைக்குக் கணினி அமைக்க எண்ணும் தமிழர், திருத்த இடந்தரும் தளத்தையே தேர்க. தேர்ந்தபின் அதன் மொழியைத் தமிழாக்குக. அதில் ஆங்கிலமாக நிற்கும் சொற்களை ஒரு தாளில் குறித்து வைக்க. அவற்றுக்கு நல்ல தமிழ்ச்சொல் யாது என்று அப்பாயியையும் வினவுக. கணினி அறிந்த இளைஞர் அவற்றைத் தமிழாக்கப் பக்கத்தில் ஏற்றுக. ஊருக்கு ஐவர், கிழமைக்கு ஒரு மாலை என்று முனைந்தால் ஓர் ஆண்டுக்குள் ஒரு மென்பொருள் முழுத்தமிழ் பெறும். தொலைவியக்கியை நீட்டிவிடும் அந்தக் கை, ஒருநாள் அதனைத் தானே ஏந்தித் தனக்கு வேண்டிய படத்தைத் தானே படித்துத் தேர்தல் வேண்டும். அதைப் பெயர்த்தி காணுதல் வேண்டும்.